மருந்து எப்ப கேக்கும், எப்ப இறங்கும்?

"ஏட்டி, இந்த மாத்திரை எனக்குக் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை போன் இப்படித்தான் ஆரம்பிக்கும். அங்கே மத்தியானம். இங்கே பர்மிங்ஹாமில் நான் இன்னும் காபி கூட போட்டிருக்க மாட்டேன். "எத்தனை நாள் போட்ட?"ன்னு கேட்பேன். "நேத்து ராத்திரி ஒண்ணு, இன்னிக்குக் காலைல ஒண்ணு." அவ்வளவுதான். ரெண்டே மாத்திரையில் அந்த மருந்தின் தலையெழுத்தை அம்மா எழுதி முடித்துவிட்டாள்.

மருந்து "கேட்கிறது" என்று நம்ம பக்கம் சொல்கிற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாம சொன்னதை உடம்பு காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. ஆனால் எத்தனை நேரத்தில் கேட்கும், கேட்ட பிறகு எத்தனை நாள் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சீட்டில் 1-0-1 என்று எழுதுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பார்கள். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி (மருந்தின் பேரும் காலாவதித் தேதியும் நறுக்கின அந்தப் பக்கத்தோடு போய்விடும்) காகித உறையில் போட்டு ரெண்டு கோடு கிழித்துக் கொடுப்பார். அதோடு சரி. இது பெரிய தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்குத் தொழில் மருந்தாளுநர் வேலை. ஊர் போனக்காடு. கூகிளில் தேடிப் பார்த்தீர்களானால் "பேய் பங்களா" தான் முதலில் வரும், கேமராவோடு வருகிற பையன்கள் புண்ணியத்தில். அகத்தியர்கூடம் ஏறினவர்களுக்கு நடை ஆரம்பிக்கிற இடமாகத் தெரிந்திருக்கும். நாங்கள் அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து ஏறி வந்த குடும்பம். ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. சம்பள பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி கதையெல்லாம் தனிப் பதிவாக எழுத வேண்டியது. அம்மா மட்டும் அந்த இடத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று இருந்தாள்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்தது. தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்து தர வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்குத் தெரிந்த வைத்திய வசதி கம்பவுண்டர் மாமாதான். சிவப்புத் தண்ணி, வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான் அவரிடம். ஆனால் மனுஷன் ஒரு காரியம் செய்வார். "இது உள்ள போயி அரை மணிக்கூர் ஆகும், அதுக்குள்ள இங்க வந்து நிக்காத", "இதுக்கு மூணு நாள் ஆகும், நாலாம் நாள் வா" என்று ஒவ்வொருவருக்கும் நேரம் சொல்லி அனுப்புவார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிற்பாடு பார்மகாலஜி படிக்கும்போதுதான் அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

சரி, கொஞ்சம் பாடம் எடுத்துக்கிறேன். ஓடிப் போயிடாதீங்க :-)

அடியில் சின்ன ஓட்டை விழுந்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் போகும். குறையக் குறைய மெதுவாகும். பெரும்பாலான மருந்துகளை ஈரலும் சிறுநீரகமும் ஏறக்குறைய இப்படித்தான் வெளியேற்றுகின்றன. இருப்பதில் பாதி குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். ஒரு அரை ஆயுளில் 50 சதம் போகும், ரெண்டில் 75, மூன்றில் 87.5, நாலில் 93 சொச்சம், ஐந்தில் 97. ஆகவே நாலைந்து அரை ஆயுள் கழிந்தால் மருந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கு ஏறுவதற்கும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டே வந்தால் குடத்தில் மட்டம் ஏறும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகிற இடத்தில் நிற்கும். அந்த நிலைக்கு வரவும் அதே நாலைந்து அரை ஆயுள் வேண்டும்.

இப்போது நம் வீட்டு மருந்து டப்பாவைத் திறப்போம். பாராசிட்டமால்: அரை ஆயுள் ரெண்டு மூன்று மணி நேரம். அரை மணி முதல் ஒரு மணிக்குள் கேட்கும், நாலு முதல் ஆறு மணியில் இறங்கிவிடும். இதைப் பார்த்துத்தான் எல்லா மாத்திரையும் இப்படி என்று நாம் பழகிவிட்டோம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் அந்த ஜாதியே இல்லை. அதன் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே ஆறு முதல் பன்னிரண்டு மணி ஆகும், நிலைப்பட ஒரு வாரம். நம் அப்பாக்கள் என்ன செய்கிறார்கள்? மகன் அமேசானில் வாங்கி அனுப்பின மெஷினை மாட்டி, மாத்திரை போட்ட அரை மணியில் பிரஷர் பார்க்கிறார்கள். இறங்கவில்லை. இன்னொன்று போடுகிறார்கள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுகிறார்கள். இப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை உங்கள் சொந்தத்திலேயே ஒன்று இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

தைராக்சினுக்கு அரை ஆயுள் சுமார் ஏழு நாள். அதனால்தான் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வது. பத்தாம் நாளே லேபுக்கு ஓடிப் போய், நம்பர் மாறவில்லை என்று டாக்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அசித்ரோமைசின் தலைகீழ் கதை. "மூணு மாத்திரையோட நிறுத்திட்டாரே, அரைகுறை வைத்தியம்" என்று என்னிடம் வருத்தப்பட்ட மாமா ஒருவர் உண்டு. அந்த மருந்து திசுக்களுக்குள் போய் உட்கார்ந்து, அட்டை காலியான பிறகும் பல நாள் வேலை செய்யும். மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் இன்னும் மேல். கடைசி மிச்சம் பாதியாகக் குறைய ஒன்று ரெண்டு மாதம் ஆகும். அதனால்தான் தடுப்புக்கு வாரம் ஒரு தரம் போட்டால் போதும் என்று வைத்தார்கள். அதற்கு முந்தின கொயினாவை நாளைக்கு மூணு வேளை, ஏழு நாள் கசப்போடு கசப்பாக விழுங்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அதன் அரை ஆயுள் மணிக்கணக்குதான்.

இன்னொரு விசித்திரமும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை விட்டுப் போவதும், வேலை நிற்பதும் ஒன்றல்ல. ஆஸ்பிரின் இருபது நிமிஷத்தில் பாதியாகிவிடும். ஆனால் போகிற போக்கில் ரத்தத் தட்டணுக்களை ஊமையாக்கிவிட்டுப் போகும். அந்த அணுக்கள் செத்துப் புதுசு வரும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள்வரை, ரத்தம் உறைவது மெதுவாகத்தான் இருக்கும். பல் பிடுங்கப் போனால் "நேத்தே நிறுத்திட்டேன் டாக்டர்" என்பதில் பிரயோசனமில்லை என்பது இதனால்தான். (நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதயத்துக்காகப் போடுகிறவர்கள் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) வார்ஃபரின் இன்னும் குழப்பம். மருந்து அன்றைக்கே உள்ளே போய்விடும். ஆனால் ஏற்கனவே ரத்தத்தில் இருக்கும் உறைவுப் பொருட்கள் தீர்ந்தால்தான் பலன் தெரியும். முழுப்பலனுக்கு ஐந்து முதல் ஏழு நாள்.

மன அழுத்தத்துக்கான மாத்திரைகளைப் பற்றி நம்மவர்கள் வெளியே பேச மாட்டார்கள், அதனால் நானே பேசிவிடுகிறேன். அவற்றில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், தூக்கம் கெடும், படபடக்கும். மனசு லேசாவது தெரிய ரெண்டு முதல் நாலு வாரம், சில பேருக்கு அதற்கும் மேல். இதை முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஐந்தாம் நாள் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே தனியாக வந்து, குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண் அப்படி முடிவு கட்டினால் அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுதவில்லை.

இனி என் வீட்டுக் கதை. 2017, ஐப்பசி மழை.

அம்மாவுக்கு அப்போது 69. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் போட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கஞ்சித்தண்ணியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து லயத்து மதினி எட்டிப் பார்த்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, சம்பந்தமில்லாமல் என்னமோ பேசிக்கொண்டு கிடந்திருக்கிறாள். மதினி கெட்டிக்காரி. பேய் பிடிச்சிருக்கு என்று போகாமல் சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினாள். ஜீப் பிடித்து மலையிறக்கி, கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை 41. குளுக்கோஸ் ஏற்றினதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, "வீட்டைப் பூட்டுனீங்களா?" என்று கேட்டாளாம். மீட்டரில் 160. ரெண்டு மணி நேரத்தில் "சரியாயிட்டு, கூட்டிட்டுப் போகலாம்" என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

தம்பி அங்கிருந்து நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டான். நான் கத்தினேன். "கூட்டிட்டுப் போகாதடே!"

ஏன் என்றால் இதுதான். கிளிபென்கிளமைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. ஒரு நாள் முழுக்க அதன் வேலை நீளும். அது ஈரலில் உடைந்தாலும், உடைந்த துண்டுகளும் சும்மா இருப்பதில்லை, அவையும் சர்க்கரையைக் குறைக்கும். அவற்றை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ரெண்டு நாள் வயிற்றுப்போக்கில் தண்ணீர் வற்றிப்போன கிழவியின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யும்? குடத்து ஓட்டை அடைத்துக்கொண்ட மாதிரிதான். இன்னொரு பக்கம், ஏற்றின குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் செலவாகிவிடும். போதாக்குறைக்கு அந்தக் குளுக்கோஸே கணையத்தை இன்னும் தூண்டும். ஆகவே மீட்டரில் வந்த 160-ஐ நம்பவே கூடாது. இந்த ரக மாத்திரையால் சர்க்கரை இறங்கினவர்களைக் குறைந்தது ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ள விஷயம்.

தம்பி போய்ச் சொன்னான். "வெளிநாட்டுல இருந்து போன்ல வைத்தியம் பாக்காங்களா?" என்று பதில் வந்தது. படுக்கையும் இல்லை என்றார்கள். தம்பி என் பேச்சைப் பாதி கேட்டான். மலையேற்றாமல் நெடுமங்காட்டில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான், மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டான், ரெண்டு மணிக்கு ஒரு தரம் அலாரம் வைத்துக்கொண்டான். ராத்திரி பத்துக்கு 112. பன்னிரண்டுக்கு 84. ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது, அம்மாவைக் கூப்பிட்டால் பதில் இல்லை. 38.

ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போய் ரெண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். போனக்காட்டுக்கே கூட்டிப் போயிருந்தால்? ஜீப் கிடைக்காது, போன் சிக்னல் கிடைக்காது, மழையில் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும். தூக்கத்திலேயே புண்ணியமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று ஊரே சொல்லியிருக்கும். நானும் விமானம் பிடித்துப் போய் அப்படியே நம்பி அழுதிருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய குத்தல் வேறு ஒன்று. ஒரு வாரம் கழித்து, "சாப்பிடாம இருக்கும்போது எதுக்கும்மா மாத்திரை போட்ட?" என்று கேட்டேன். அம்மா சொன்னாள், "ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். வாராவாரம் சொன்னேன். எப்போது விட வேண்டும் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. இங்கே என் கவுண்டரில் வருகிற வெள்ளைக்காரப் பாட்டிகளிடம் தினமும் சொல்கிறேன்: வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் கிடக்கும் நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை இருந்தால் உடனே கூப்பிட்டுக் கேளுங்கள், இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று. பெற்ற தாயிடம் சொல்லவில்லை. போனில் "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று வைத்துவிட்டேன். கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேல் உகந்ததல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு உண்டு. எனக்குத் தெரியும். "அங்க டாக்டர் பாத்துப்பார், நாம ஏன் மூக்கை நுழைக்கணும்" என்று இருந்துவிட்டேன்.

ஆகவே கோபப்படுகிற தகுதி எனக்குப் பாதிதான் உண்டு. நமக்கு, வெளியூரில் இருக்கிறவர்களுக்கு, இதில் பங்கு அதிகம். போன் வழியாகப் பெற்றோரின் உடம்பை நிர்வாகம் பண்ணுகிறோம். மாத்திரையின் பேர் தெரியும், விலை தெரியும், எந்தக் கடையில் டோர் டெலிவரி என்று தெரியும். இது எத்தனை மணிக்குக் கேட்கும், எத்தனை நாள் நிற்கும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? தெரியாது, கேட்டதும் இல்லை. இந்த மூன்றையும் ஒவ்வொரு புது மருந்துக்கும் டாக்டரிடமோ கடையிலோ கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

எதிர்ப்பக்கத்துப் பேச்சும் எனக்குத் தெரியும். ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஆளாளுக்குப் பார்மகாலஜி பாடம் எடுக்க முடியுமா என்பார்கள். நியாயம். ஆனால் கம்பவுண்டர் மாமா எடுத்தது பாடமல்ல, ஒரு வரி. "நாலாம் நாள் வா." இன்னொன்று, நம் ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்பது. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அகத்தியர் மலைக்கு அடியில் பிறந்தவள் நான். லேகியத்தை ஒரு மண்டலம், 48 நாள், பத்தியம் காத்துச் சாப்பிடுகிற ஜனம் இது. எனக்குத் தெரிந்து ஒருத்தர்கூட மூன்றாம் நாள் வைத்தியரிடம் போய் "கேக்கல" என்றதில்லை. ஏனென்றால் அவர் கொடுக்கும்போதே நாள் சொல்லிக் கொடுக்கிறார். இங்கிலீஷ் மாத்திரை கொடுக்கிறவர்கள் நாள் சொல்வதில்லை. நாமும் அதை மந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். (லேகியத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள் என்பது தனிக்கதை. ஈயமும் பாதரசமும் வெளியேறுகிற வேகத்தைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவீர்கள்.)

சூட்கேஸ் சமாச்சாரம் ஒன்று பாக்கி. ஊரிலிருந்து வரும்போது அவில் வாங்கி வந்து, விமானத்தில் தூங்கட்டும் என்று பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள் தயவு செய்து நிறுத்துங்கள். மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் மயக்கம் மறுநாள்வரை நிற்கிற ரகம் அது. ஆறு வயதுக்குக் கீழே இருமல் சளி மருந்துகள் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2009-லேயே சொல்லிவிட்டார்கள். அதே மாதிரி, பேரப்பிள்ளை பார்க்க வந்த தாத்தாவின் தூக்க மாத்திரை. டயாசிபாம் வயசானவர்கள் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். ராத்திரி போட்டதுதானே என்று காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுவிட அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் 2015 முதல் ரத்தத்தில் அதற்கும் ஓட்டுநர் வரம்பு உண்டு.

அம்மா இப்போது தம்பியோடு நெடுமங்காட்டில் இருக்கிறாள். மருந்தை மாற்றியாயிற்று. போன தரம் போயிருந்தபோது அவள் பிஸ்கட் டின்னில் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ரப்பர் பேண்ட் போட்டேன். "இது ஒரு வாரம் கழிச்சுத்தான் கேக்கும்." "இது ஒரு நாள் விட்டாலும் பரவாயில்ல, அடுத்த நாள் ரெண்டா போடாத." "சோறு இறங்கலன்னா தம்பிட்ட சொல்லிட்டுப் போடு." எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டாள்.

போன ஞாயிறு போன். "ஏட்டி, பிரஷர் மாத்திரை ஒரு வாரம் உள்ளேயே நிக்கும்னு எழுதி வச்சிருக்கியே."

"ஆமா."

"வைட்டமின் டி பொட்டலம் வாரத்துக்கு ஒண்ணுதானே தாராங்க. அப்ப இதையும் ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டா என்ன?"

என் மூன்றாம் வருஷ மாணவர்கள் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. வைட்டமின் டி உடம்பில் பாதியாகக் குறைய ரெண்டு மூன்று வாரம் ஆகும், இது ஒன்றரை நாளில் பாதியாகிவிடும், புதன்கிழமைக்கே குடம் அடி தட்ட ஆரம்பித்துவிடும் என்று விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. காபி ஆறிப் போச்சு.